காசும் ஒரு சாசனமே

காசைத் தேடுவோர் உலகில் எண்ணற்றோர். காசை வாசிப்போர் மிகச் சிலர். கடைக்காரர் மீதியாகத் தரும் சில்லறையை நாம் எண்ணிப் பார்க்கிறோம்; உற்றுப் பார்ப்பதில்லை. கல்லிலும் செப்பேட்டிலும் முன்னோர் பொறித்த சாசனங்களைத் தேடிக் காடும் மேடும் அலைந்த அறிஞர்களைப் போற்றுகிறோம். ஆனால், நம் காலத்து அரசு நம் காலத்துச் செய்தியொன்றை உலோகத்திற் பொறித்து நம் உள்ளங்கையிலேயே கொண்டுவந்து வைக்கும்போது, அதனைப் படியாமலே பாண் வாங்கக் கொடுத்துவிடுகிறோம்.

அத்தகைய செய்தி தாங்கிய காசுகளே ஞாபகார்த்த நாணயங்கள். ஒரு நிகழ்ச்சியையோ, ஒரு பெரியாரையோ, ஒரு நிறுவனத்தின் ஆண்டு நிறைவையோ நினைவுகூர்தற்பொருட்டு, வழக்கமான வடிவத்தை மாற்றி அரசு வெளியிடுபவை இவை. இவற்றைத் தேடிச் சேர்த்து, ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தி வைப்பது இனியதொரு பொழுதுபோக்கு. பெருஞ்செலவு வேண்டாதது, தனித்திருப்போர்க்கும் துணையாவது, இளைஞருக்கும் முதியோருக்கும் ஒருங்கே பொருந்துவது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவை வளர்ப்பது. அந்த அறிவு எவ்வாறு வளர்கின்றதென்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழங்காசும் புதுக்காசும்

நாணயச் சேகரிப்பென்றதும் பழங்காசுகளே பலர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியின் உருவத்தோடு ‘சேது’ என்னும் மொழியையும் பொறித்து வெளியிட்ட காசுகளை அறியாத வரலாற்று மாணாக்கர் இலர். எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் இன்றும் இத்துறையினருக்கு வழிகாட்டியாக விளங்குகின்றது. எனினும் பழங்காசுச் சேகரிப்பு எல்லோருக்கும் எளிதன்று. விலை அதிகம், போலிகள் மிகுதி, மண்ணிலிருந்து எடுக்கப்படும் தொல்பொருள்கள் பற்றி 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளும் உள.

புதுக்காசுக்கு இத்தடைகள் இல்லை. அதன் வரலாறு மறைந்துபோனதன்று. பழைய பத்திரிகைகளிலும், நூலகங்களிலும், நம் வீட்டு முதியோரின் நினைவிலும் கிடைப்பது. தேடுபவனுக்கு விடை கிடைக்கும் என்ற உறுதியே தொடக்கநிலையிலுள்ள மாணாக்கனுக்குப் பெரும் ஊக்கமன்றோ?

நிகழ்ச்சியொன்றைக் காசிற் பொறித்து நினைவுகூரும் வழக்கம் புதியதன்று. கி. பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சமுத்திரகுப்தன், தான் செய்த அசுவமேத யாகத்தின் நினைவாக, வேள்வித் தூணின் முன் குதிரை நிற்கும் கோலத்தைப் பொன் நாணயங்களிற் பொறித்தான். அக்காலத்தில் அரசனின் வெற்றியே நாட்டின் நினைவு. பிற்காலத்தில் அந்நினைவு விரிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு 1892 ஆம் ஆண்டில் கொலம்பசின் உருவத்தோடு அரை டொலர் நாணயத்தை வெளியிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஞாபகார்த்த நாணயங்கள் நேருவின் மறைவையொட்டி 1964 ஆம் ஆண்டில் வெளிவந்தன. இலங்கையோ இந்தியாவுக்கு ஏழாண்டு முந்திக்கொண்டது.

நம் நாட்டு வரிசை

புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டுகள் நிறைவெய்தியதைக் குறித்து 1957 ஆம் ஆண்டில் இரு நாணயங்கள் வெளியிடப்பட்டன. ஒன்று வெள்ளியாலான ஐந்து ரூபா. மற்றொன்று செம்பும் நிக்கலும் கலந்த ஒரு ரூபா. அவ்வெள்ளி நாணயம் 28 கிராமுக்குச் சற்று அதிகமான நிறையுடையது; நூற்றுக்கு 92½ பங்கு தூய வெள்ளி. பின்னாளில் வெள்ளியின் விலை ஏறியபோது, அதிலுள்ள வெள்ளியின் பெறுமதி ஐந்து ரூபாவை விஞ்சிவிட்டது. இவ்வாறு முகவிலையை உலோகவிலை விஞ்சும் காசுகள் எந்நாட்டிலும் தட்டாரின் குகைக்குச் சென்று உருகுவது இயல்பு. உருகாமல் தப்பியவை, பெரும்பாலும் யாரோ ஒருவர் அதன் முகத்தை விரும்பிப் பாதுகாத்தமையால் தப்பியவையே.

1968 ஆம் ஆண்டில் இரண்டு ரூபா நாணயமொன்று வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், உணவு உற்பத்தியின் இன்றியமையாமையை நினைவூட்டும் காசுகளை வெளியிடுமாறு உலக நாடுகளைத் தூண்டிய காலம் அது. பல நாடுகள் நெற்கதிரையும் கோதுமைக் கதிரையும் பொறித்தன. இலங்கை பராக்கிரமபாகு மன்னனின் சிலையைப் பொறித்தது. உணவுக்கும் அரசனுக்கும் என்ன தொடர்பு? குளம் கட்டிய அரசன் அவன். பராக்கிரம சமுத்திரம் இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. பொலநறுவையிற் பொத்குல் விகாரைக்கருகே பாறையிற் செதுக்கப்பட்டுள்ள பேருருவம் அவனுடையதே என்பது மரபு. அது முனிவர் ஒருவரின் உருவமென்று கூறும் அறிஞரும் உளர். இரண்டு ரூபாக் காசு ஒன்று நீர்ப்பாசனத்தையும், சிற்பக் கலையையும், அறிஞரின் கருத்து வேறுபாட்டையும் ஒருங்கே கற்பித்துவிடுகின்றது.

1976 ஆம் ஆண்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு நடைபெற்றது. அதன் நினைவாக வந்த இரண்டு ரூபா, ஐந்து ரூபா நாணயங்களில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தைக் காணலாம். 1981 ஆம் ஆண்டின் இரண்டு ரூபா மகாவலித் திட்டத்தின் அணைக்கட்டைக் காட்டுகின்றது. வீடற்றோர்க்கு உறையுள் வழங்கும் சர்வதேச ஆண்டான 1987 இல் வந்த பத்து ரூபா, வட்டத்தைக் கைவிட்டுச் சதுர வடிவம் கொண்டது. சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998 இல் வந்த பத்து ரூபாவில் வெளிவளையம் ஓர் உலோகம், நடுவட்டம் வேறோர் உலோகம். 1996 இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற துடுப்பாட்டக் குழுவின் புகழை 1999 ஆம் ஆண்டின் ஐந்து ரூபா பேசுகின்றது. கொழும்புத் திட்டத்தின் பொன்விழா 2001 இலும், ஊழியர் சேமலாப நிதியத்தின் பொன்விழா 2008 இலும், இலங்கைச் சாரணர் இயக்கத்தின் நூற்றாண்டு 2012 இலும் இரண்டு ரூபாக் காசுகளில் இடம்பெற்றன. 2013 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட பத்து ரூபா வரிசையோ இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக இருபத்தைந்து காசுகளைக் கொண்டது. ஒரு வகுப்பறைச் சுவரில் இலங்கைப் படத்தைத் தொங்கவிட்டு, அந்தந்த மாவட்டத்துக் காசை அந்தந்த இடத்திற் பொருத்திப் பார்க்கும் பிள்ளைக்குப் புவியியல் ஒரு விளையாட்டாகிவிடும்.

சொல்வதும் சொல்லாததும்

எந்தச் சாசனத்தையும் போலவே காசும் அதனை வெளியிட்டவரின் குரலிலேயே பேசும். கல்வெட்டில் அரசனின் மெய்க்கீர்த்தியைப் படிக்கும் ஆராய்ச்சியாளன், மெய்க்கீர்த்தி கூறாத செய்தியையும் தேடுவான். நாணயம் சேகரிப்போனுக்கும் அப்பண்பு வேண்டும்.

1981 ஆம் ஆண்டின் ஐந்து ரூபா நாணயத்தை எடுத்துக்கொள்வோம். சர்வசன வாக்குரிமையின் பொன்விழாவை அது கொண்டாடுகின்றது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் 1931 ஆம் ஆண்டில், ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கும் உரிமை இந்நாட்டுக்குக் கிட்டியது. ஆசிய நாடுகளுள் அது பெருமைக்குரிய முதன்மையே, ஐயமில்லை. ஆயின், அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணக் குடாநாடு பகிஷ்கரித்தது என்பதும் வரலாறே. பூரண சுயாட்சி தராத அரசியற்றிட்டம் வேண்டாம் என்பது அவ்விளைஞர்களின் வாதம். அங்குள்ள நான்கு தொகுதிகளும் சட்டசபையில் வெறுமையாய்க் கிடந்தன. 1934 இலேயே இடைத்தேர்தல் மூலம் அவை நிரப்பப்பட்டன. காசு சொல்லாத செய்தி இது.

இன்னொன்றும் உண்டு. அக்காசில் பொறித்த 1981 என்னும் ஆண்டைக் கண்டவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் வேறொரு நினைவு எழாமல் இராது. அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டிய நாட்களில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. வாக்குரிமையின் ஐம்பதாம் ஆண்டும், நூலகம் எரிந்த ஆண்டும் ஒன்றே. 1999, 2000, 2001 ஆகிய மூன்றாண்டுகளிலும் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பொன்விழாவுக்கு ஒரு ரூபா நாணயங்கள் வெளிவந்தன. அவை உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள்.

இதனால் அக்காசுகளை வெறுத்து ஒதுக்கவேண்டுமென்பது பொருளன்று. அவற்றைக் கட்டாயம் சேர்க்கவேண்டும். சேர்த்து, பக்கத்தில் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கவேண்டும். காசில் உள்ளது அரசின் ஞாபகம். குறிப்பேட்டில் எழுதுவது வாசிப்பவனின் ஞாபகம். இரண்டும் அருகருகே இருக்கும்போதுதான் சேகரிப்பு முழுமை பெறுகின்றது. குறிப்பேடு இல்லாத சேகரிப்பு உண்டியலிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

தமிழெழுத்தைத் தேடி

சேகரிப்பவர் தமக்கென ஒரு துறையை வகுத்துக்கொள்வது நன்று. உலகத்து நாணயங்கள் யாவற்றையும் சேர்க்க முற்படுவோன் கடலைக் கையால் இறைக்க முற்படுவோன் போன்றவன். ஒருவர் ஒரு நாட்டை எடுக்கலாம். மற்றொருவர் பறவைகளை, மற்றொருவர் பாலங்களை, இன்னொருவர் விளையாட்டை எடுக்கலாம். தமிழாசிரியர் ஒருவர் தமிழையே துறையாகக் கொள்ளலாமே!

இலங்கையின் காசுகளில் தமிழெழுத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 1870 எனப் பொறித்து, தசம நாணயமுறை 1872 இல் நடைமுறைக்கு வந்தபோது புழங்கிய செப்புச் சதங்களில், பனைமரத்தோடு சிங்கள, தமிழ் எழுத்துக்களும் இருந்தன. சிங்கப்பூர்க் காசுகளில் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு ‘சிங்கப்பூர்’ என்று நம் எழுத்தில் நாட்டின் பெயர் திகழ்கின்றது. இந்திய நாணயங்களின் எழுத்து இந்தியும் ஆங்கிலமுமே. ஆயினும் தமிழுலகத்தின் முகங்கள் அங்கும் உண்டு. 1995 ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த நாணயங்களில் திருவள்ளுவர் வீற்றிருக்கிறார். காமராசரின் நூற்றாண்டுக்கும் ஐந்து ரூபா நாணயம் உண்டு. அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2009 இல் வந்த ஐந்து ரூபாவில் அவருடைய கையொப்பம் தமிழிலேயே அமைந்துள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 இல் ஆயிரம் ரூபா நாணயமே வெளியிடப்பட்டது. இவற்றை ஒரே தட்டில் அடுக்கிப் பார்த்தால், கடல் கடந்த தமிழின் பயணப்படம் ஒன்று கண்முன் விரியும்.

அச்சின் நுட்பம்

காசின் அழகை உணர்தற்கு அது பிறக்கும் வகையையும் அறிதல் வேண்டும். ஓவியர் தம் சித்திரத்தை முதலிற் பெரிய அளவிலே சாந்துருவமாக ஆக்குவது பழைய வழக்கம். அதன் மேடுபள்ளங்களை ஒரு பொறி தடவித் தடவிச் சென்று, காசளவிற் சுருக்கி உருக்கிலே செதுக்கும். இன்று அவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினி செய்கின்றது. இவ்வாறு பிறந்த உருக்கச்சுகள் இரண்டின் நடுவே வெறும் வில்லை வைக்கப்பட்டு, பெரும் அழுத்தத்தால் இரு முகங்களும் ஒரே கணத்திற் பதிகின்றன. உருவத்தின் மேடு, விளிம்பின் உயரத்தை விஞ்சலாகாது. விஞ்சினால் காசுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்க இயலாது. உருவமும் விரைவில் தேய்ந்துவிடும். ஒரு நூற்றாண்டின் பெருமையை ஓர் அங்குல வட்டத்துள், மயிரிழை உயரத்துள் அடக்கவேண்டிய சிற்பியின் இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். குறளின் ஈரடிக் கட்டுப்பாட்டையொத்த கட்டுப்பாடன்றோ இது!

சேகரிப்போருக்கென்றே மெருகேற்றிய அச்சினால், மெருகேற்றிய வில்லையில், ஒருமுறைக்கு மேற்பட அழுத்திச் செய்யும் காசுகளும் உண்டு. ‘புரூவ்’ என்பர். களம் கண்ணாடிபோற் பளபளக்க, உருவம் மட்டும் பனி படர்ந்தாற்போல் வெண்மையாய்த் தோன்றும். அழகில் இவையே முதன்மை பெறும். ஆயினும் பலர் கைபட்டுத் தேய்ந்த காசுக்கு வேறொரு பெருமை உண்டு. அது சந்தையையும், பஸ்ஸையும், கோயில் உண்டியலையும் கண்டு வந்தது.

சேர்ப்பதும் காப்பதும்

தொடங்குவோர் முதலில் தம் வீட்டையே தேடட்டும். மேசை இழுப்பறையிலும், தகரப் பேணியிலும், பாட்டியின் கொட்டைப்பெட்டியிலும் மறந்துகிடக்கும் சில்லறையே முதற் சுரங்கம். கடைக்காரரிடமும் பஸ் நடத்துனரிடமும் சொல்லிவைத்தால் அவர்களும் உவந்து உதவுவர். இருவரிடம் இரட்டை இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். விலைகொடுத்து வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

காசை முகத்திற் பிடியாது விளிம்பிற் பிடித்தல் வேண்டும். விரலின் எண்ணெயும் வியர்வையும் உலோகத்திற் கறையாகும். குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவதுபோல நாணயத்தை விளக்குவது பெருந்தவறு. புளியின் அமிலமும் சாம்பலின் உராய்வும் மேற்படையையே அரித்துவிடும். பளபளப்பு வரும், காசின் பெறுமதி போய்விடும். தூசு இருப்பின் நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தாற் போதும். றப்பர் வளையமும் மலிவான மென்பிளாஸ்டிக் உறையும் நாளடைவிற் காசைக் கெடுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் ஈரம் புகாத பெட்டி இன்றியமையாதது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறு அட்டை எழுதுக: நாடு, ஆண்டு, முகவிலை, உலோகம், நினைவுகூரும் பொருள், கிடைத்த இடம், கிடைத்த நாள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காசு சேர்ப்பது காசு பண்ணுவதற்கு என்று எண்ணி இறங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். 1965 இல் பிரித்தானியா சர்ச்சிலின் நினைவாகக் கிரவுண் நாணயமொன்றை வெளியிட்டது. பிற்காலத்தில் விலையேறுமென்று மக்கள் வாங்கிப் பூட்டி வைத்தனர். அச்சிடப்பட்டவையோ ஒரு கோடியே தொண்ணூற்றாறு இலட்சம்! இன்றும் அதற்குப் பெருவிலை இல்லை. மாறாக, கியூ பூங்காவின் 250 ஆம் ஆண்டுக்காக 2009 இல் வந்த ஐம்பது பென்ஸ் இரண்டு இலட்சத்துப் பத்தாயிரமே அச்சிடப்பட்டமையால், முகவிலையைப் போற் பல மடங்குக்கு விலைபோகின்றது. சாதாரணச் சில்லறையாக அதனைச் செலவழித்தவர் பலர். எது அரிதாகுமென்று முன்கூட்டி அறிவார் யாருமில்லை. மேலும், தனியார் பொன்முலாம் பூசி விற்கும் பதக்கங்களை நாணயமென்று மயங்கவேண்டாம். முகவிலையும், வெளியிட்ட அரசின் பெயரும் உண்டா என்று பார்த்தாலே பெரும்பாலும் உண்மை விளங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம் பாடசாலைகளில் வரலாறு, ஆண்டுகளின் அட்டவணையாக மாணாக்கரை அச்சுறுத்துகின்றதென்று பலர் குறைகூறக் கேட்கிறோம். வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு ஞாபகார்த்த நாணயத்தைக் கொடுத்து, ‘இது ஏன் பிறந்தது? இதில் இல்லாதது எது?’ என்று இரண்டு வினாக்களுக்குப் பத்து வரி எழுதிவரச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை நூலகத்துக்குப் போகும், தாத்தாவிடம் கேட்கும், பழைய பத்திரிகையைப் புரட்டும். கொழும்புக்குச் செல்லும் வாய்ப்புள்ளோர் சதாம் வீதியில் மத்திய வங்கி அமைத்துள்ள பொருளாதார வரலாற்று நூதனசாலையையும் காட்டலாம்.

இது தாமதிக்கத்தக்க வேலையன்று. விலைவாசி ஏற ஏற ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் கடைவீதியில் அருகிவிட்டன. கொடுப்பதும் வாங்குவதும் கைத்தொலைபேசியிலேயே நடக்கத் தொடங்கியுள்ளது. பேணிகளிற் கிடக்கும் சில்லறை பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விட்டால், அதனோடு நம் தலைமுறையின் சாசனங்களும் போய்விடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய காசு மண்ணுள் மறைந்திருந்து ஆராய்ச்சியாளனுக்காகக் காத்திருந்தது. நம் காலத்துக் காசுக்கு அப்பாக்கியம் கிட்டுமென்று சொல்வதற்கில்லை. ஆதலால் இவ்வார இறுதியில் வீட்டுப் பேணியைக் கவிழ்த்து, அதிலுள்ளவற்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றேனும் உங்களிடம் ஏதாவது சொல்லும். அதனைக் குறித்து வையுங்கள்.